வாசலில் நின்று கேட்ட சொல்

வடபுலச் சொற்கள் – 12

குதிரைகள் காணாமல் போனது இலையுதிர்காலத்தில். ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஸ்நைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பம். அங்கே ஃப்ரோதா என்ற பண்ணையின் சொந்தக்காரன் தோர்பியோர்ன். ஆள் பருமன் என்பதால் ஊரில் ‘தடியன்’ என்பதையும் சேர்த்தே அவன் பெயரைச் சொல்வார்கள். மலை மேய்ச்சலுக்கு விட்டிருந்த அவனுடைய குதிரைகள் திரும்பி வரவில்லை. ஆள் விட்டு மலையெல்லாம் தேடினான். கிடைக்கவில்லை. குறி சொல்பவன் ஒருவனிடம் கேட்டு அனுப்பினான். அவனும் பட்டும்படாமல் எதையோ சொல்லிவைக்க, தோர்பியோர்னுக்கு அது பக்கத்துப் பண்ணையான மாவாலீத்தைச் சுட்டுவதாகப் பட்டது. ஆட்களைத் திரட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். காலம் 10ஆம் நூற்றாண்டின் இறுதி. இதைச் சொல்லும் எய்ர்பிக்யா சாகா என்ற ஐஸ்லாந்துப் பழங்கதை எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டில்.

மலையில் அவன் செய்ததற்கு அவர்கள் மொழியில் ஒரு வினைச்சொல் உண்டு: லெய்த்தா. தொலைந்ததைத் தேடுவது. இப்போது வாசலில் நின்று அவன் கேட்பது வேறொரு வினை: ரன்சாக்கா. தமிழில் இரண்டையுமே ‘தேடுவது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் வித்தியாசம் பெரிது. முதலாவதற்குத் தொலைந்த பொருள் ஒன்று இருந்தால் போதும். இரண்டாவதற்கு ஒரு கதவு வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் ‘நீ திருடன்’ என்று சொல்லாமல் சொல்லப்படுகிற ஓர் ஆளும் வேண்டும். இந்த வாரம் நாம் பின்தொடரப் போவது இந்த இரண்டாவது சொல்லை. ஆங்கிலம் வழியாக இது நமக்குப் பழக்கமான சொல்தான். ‘ரான்சாக்’ என்று அகராதியைப் புரட்டினால் ‘சூறையாடு’, ‘தலைகீழாகப் புரட்டித் தேடு’ என்று இருக்கும். பிறந்தபோது இதற்கு அந்தப் பொருள் கிடையாது. சொல்லப்போனால், சூறையாடக் கூடாது என்பதற்காக வகுத்த ஒரு முறைக்குத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள்.

முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். ‘ரன்’ என்றால் வீடு. சாகாக்கள் எழுதப்பட்ட காலத்திலேயே இது பழஞ்சொல்லாகிக் கவிதையில் ஒதுங்கிவிட்டது. பேச்சில் ‘ஹூஸ்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காத்திக் மொழியில் இதன் உடன்பிறப்பு ‘ரஸ்ன்’. பழைய ஆங்கிலத்தில் இதே சொல் எழுத்துகள் இடம் மாறி ‘ஏர்ன்’ ஆனது. வாற்கோதுமைக்குப் ‘பெரெ’ என்று பெயர். அதைச் சேமிக்கும் வீடு ‘பெரெ-ஏர்ன்’. அதுதான் தேய்ந்து இன்றைய ‘பார்ன்’, அதாவது களஞ்சியம். அமெரிக்கப் படங்களில் சிவப்புச் சாயம் பூசி நிற்கிறதே, அந்தக் களஞ்சியத்தின் பெயருக்குள்ளும் இந்த ‘ரன்’ ஒளிந்துகொண்டிருக்கிறது.

‘சாக்கா’ என்ற பின்பாதி ‘சேக்யா’ என்ற வினைக்கு உறவு. நாடிப்போதல், தேடுதல், வழக்குத் தொடுத்தல் எல்லாம் அதன் பொருள்கள். ஆங்கிலத்தின் ‘சீக்’ இதன் தம்பி. வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இலத்தீனில் அதே வேரிலிருந்து கிளைத்த ‘சகாக்ஸ்’ என்ற சொல் மோப்பம் கூர்மையான வேட்டை நாயைக் குறித்தது. ஆக, மிகப் பழைய அடுக்கில் இது தடம் பிடித்துப் போகிற வேலை. வட மொழிகளில் அந்தத் தடம் நேராக வழக்குமன்றத்துக்குப் போனது: இதே குடும்பத்துச் சொல்லான ‘சோக்’ என்றால் குற்றச்சாட்டு, வழக்கு. வீட்டுக்குள் தேடுவதும் ஒருவர்மேல் வழக்குப் போடுவதும் ஒரே மூச்சில் வந்தது தற்செயல் இல்லை.

மாவாலீத்துக்குத் திரும்புவோம். அந்த வீட்டுக்காரன் தோராரின், சண்டை சச்சரவுக்குப் போகாதவன் என்று பெயர் வாங்கியவன். முறைப்படி எதுவும் செய்யாமல் வந்து நின்றால் வீட்டைத் திறந்துவிட முடியாது என்றான். மறுத்தாலே குற்றவாளிதான் என்று எடுத்துக்கொண்ட தோர்பியோர்ன், அந்த வாசலிலேயே ஆட்களை அமர்த்தி ஒரு நீதிமன்றத்தைக் கூட்டிவிட்டான். ‘கதவு மன்றம்’ என்றே அதற்குப் பெயர். உள்ளேயிருந்து தோராரினின் தாய் கெய்ரிட் வெளியே வந்து, இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு நிற்கிறாயே, நீ ஆண்பிள்ளைதானா என்று மகனைக் குத்திக்காட்டினாள். அவ்வளவுதான், முற்றத்தில் வாள்கள் உரசின. தோராரினின் மனைவி ஔத் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, வீசுகிற வாள்களின் மேல் துணிகளை எறிந்து சண்டையை நிறுத்தினாள். வந்தவர்கள் போன பிறகு, சண்டை நடந்த இடத்தில் வெட்டுண்ட ஒரு கை கிடந்தது. பெண்ணின் கை. ஔத்தின் கை. அதைப் பார்த்த பிறகு தோராரினுக்குப் பொறுமை ஏது? துரத்திப் போய்த் தோர்பியோர்னை வெட்டிப் போட்டான்.

ஒரு வீட்டுச் சோதனைக்கு இவ்வளவு ரத்தமா என்று கேட்கலாம். அந்தக் காலத்து ஐஸ்லாந்தில் அரசன் இல்லை, காவலர் இல்லை, ஆணையோடு வரும் அதிகாரி இல்லை. பொருளைப் பறிகொடுத்தவனே தேட வேண்டும். தேட விடுகிறவன் ஊரறியத் திருடனென்ற சந்தேகத்தை ஏற்றுக்கொள்கிறான்; விட மறுப்பவன் அதை உறுதிப்படுத்துகிறான். இரண்டில் எது செய்தாலும் மானம் போகும். அதனால்தான் சட்டம் இந்தச் சொல்லை அப்படி இறுக்கிப் பிடித்தது. ‘சாம்பல் வாத்து’ என்று பொருள்படும் கிராகாஸ் என்ற ஐஸ்லாந்துச் சட்டத்தொகுப்பில் வீட்டுச் சோதனைக்கென்றே தனி இயல் இருக்கிறது. நார்வேயின் குலாதிங் சட்டத்திலும் சுவீடனின் மாநிலச் சட்டங்களிலும் இதற்கு இடம் உண்டு.

அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது உடை பற்றியது. 1296ஆம் ஆண்டின் உப்லாந்துச் சட்டத்தைப் போன்ற சுவீடிய நூல்களில், தேட வருகிறவன் உள்ளே நுழையும் கோலம் வகுக்கப்பட்டிருக்கிறது: இடைவாரை அவிழ்த்திருக்க வேண்டும், காலில் செருப்பு கூடாது, கால்சட்டையை முழங்காலருகே கட்டியிருக்க வேண்டும். காரணம் வெளிப்படை. நம் திரைப்படங்களில் போலீஸ் உடையில் வருகிற வில்லன் கதாநாயகனின் பீரோவுக்குள் கஞ்சாப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தானே ‘கண்டுபிடிப்பான்’ அல்லவா, அதைத் தடுக்கும் ஏற்பாடு இது. வார் இல்லாத தொளதொளச் சட்டைக்குள் எதையாவது செருகி வந்தால் தரையில் விழுந்துவிடும். சில சட்டங்களில், தேடியும் ஒன்றும் சிக்காவிட்டால் தேடியவன் வீட்டுக்காரனுக்குத் தண்டம் கட்ட வேண்டும். ரன்சாக்கா என்ற சொல்லில் அடங்கியிருந்தது இதுதான்: வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்காலோடு, கூச்சத்தோடு நடக்க வேண்டிய ஒரு தேடல்.

ரோமிலும் இதே போன்ற ஒன்று இருந்தது. பன்னிரண்டு பலகைச் சட்டத்தின்படி தேடப் போகிறவன் இடுப்பில் ஒரு துண்டுத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தட்டோடு நுழைய வேண்டும். 2ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் காயுஸ் இதைக் கேலியே செய்திருக்கிறார்: துணி உடுத்தியவனை உள்ளே விடாதவன் துணி இல்லாதவனை மட்டும் விட்டுவிடுவானா என்று. தட்டு எதற்கு என்பது அவருக்கே பிடிபடவில்லை. ரோமிலிருந்து வடக்கே போனதா, இல்லை திருட்டும் சந்தேகமும் எங்கும் ஒரே மாதிரி என்பதால் தானாக முளைத்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நான் இரண்டாவது கட்சி.

விதியெல்லாம் திருட்டுப் பொருளை ஒளித்துக் கொண்டுவருபவனுக்கு. வீட்டுக்காரி சூனியக்காரியாக இருந்தால்? அதே சாகாவில் இதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. ஔத்தின் கையை வெட்டியவன் காட்லா என்பவளின் மகன் ஒட் என்று பின்னால் தெரியவருகிறது. தோராரினின் தாய்மாமன் ஆர்ன்கெல் ஆட்களோடு காட்லாவின் வீட்டுக்குப் போகிறான். காட்லா நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அசையாதே என்கிறாள். வந்தவர்கள் வீடு முழுக்கத் தேடுகிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஒரு நூற்புக்கோல் மட்டும். திரும்பிப் போகிற வழியில் ஆர்ன்கெலுக்குப் பொறி தட்டுகிறது: அந்தக் கோல்தான் ஒட்டோ? திரும்பி வருகிறார்கள். இந்த முறை காட்லா ஒரு கிடாவின் தாடியை வாரிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. மூன்றாவது முறை குப்பைமேட்டில் ஒரு பன்றி படுத்திருக்கிறது. நாலாவது முறை கெய்ரிட்டே உடன் வருகிறாள். அவளுக்கும் இந்த வித்தைகள் தெரியும். நீல மேலங்கியில் அவள் வருவதைக் கண்டதும், இனிக் கண்கட்டு செல்லாது என்று காட்லாவுக்குப் புரிந்துவிடுகிறது. மகனை மேடைப் பலகைக்கு அடியில் தள்ளி, தான் மேலே உட்கார்ந்துகொள்கிறாள். கெய்ரிட் சீல் தோல் பையை அவள் தலையில் மாட்டி இறுக்குகிறாள். மற்றவர்கள் பலகையை உடைத்து ஒட்டை இழுத்துப் போடுகிறார்கள். அவனைத் தூக்கில் போட்டார்கள். அவளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

மூன்று முறை கண்ணெதிரே இருந்தும் காணாத இந்தத் தேடலைப் படிக்கும்போதெல்லாம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற என் கதை எனக்கு நினைவு வரும். சூனியக்காரி ஒருத்தியும் எங்கள் வீட்டில் இல்லை.

கப்பலேறிய பிறகு இந்தச் சொல்லுக்கு நடந்தது வேறு. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வட நாட்டவர் குடியேறிய பகுதிகள் வழியாக அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. டேனிய மன்னன் க்னூட் இங்கிலாந்தை ஆண்டபோது இயற்றிய சட்டத்தில், இந்தச் சொல் இல்லாவிட்டாலும் அதே கவலை தெரிகிறது. கணவன் திருடிய பொருள் வீட்டில் அகப்பட்டால் மனைவி குற்றவாளி ஆகமாட்டாள். ஆனால் அவள் சாவியின் பொறுப்பில் உள்ள பண்டக அறையிலோ பெட்டியிலோ பேழையிலோ அகப்பட்டால் தப்ப முடியாது. சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்பது அங்கேயும் பெரிய விஷயம்.

எழுத்தில் ஆங்கில ‘ரான்சாக்’ தலைகாட்டுவது 13ஆம் நூற்றாண்டின் நடுவில். ஆதியாகமத்தைச் செய்யுளாகச் சொல்லும் ஒரு நூலில், யோசேப்பின் ஆள் யோசேப்பின் சகோதரர்களின் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெள்ளிக் கிண்ணத்தைத் தேடும் இடத்தில் அது வருகிறது. இன்னும் பழைய பொருள்தான்: சந்தேகம், சோதனை, ஆளுக்கு ஆள் முறையாகப் பார்ப்பது. (கிண்ணத்தை மூட்டைக்குள் வைத்ததே தேடியவன்தான் என்பது வேறு விஷயம். அவன் இடைவாரை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.) அடுத்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சாசர் எழுதிய ‘வீரனின் கதை’யில் பாருங்கள்: போர் முடிந்த களத்தில் கொள்ளையர்கள் பிணக்குவியலைக் கிளறிக் கவசத்தையும் உடையையும் உருவுகிறார்கள். அங்கே சாசர் போட்டிருக்கும் வினை இதுவேதான். ஒன்றரை நூற்றாண்டுக்குள் வீடு போயிற்று, சட்டம் போயிற்று, வெறுங்கால் போயிற்று. தேடுகிறவனைத் தட்டிக் கேட்க ஆளில்லாத தேடல் மட்டும் மிஞ்சியது. பின்னால், நகரைக் கொள்ளையிடுவதைக் குறிக்கும் ‘சாக்’ என்ற இன்னொரு சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, காதுக்கு இரண்டும் ஒட்டிப்போயின. பிறகு ரான்சாக்கைக் காப்பாற்ற வழியே இல்லை.

ஆனால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் அதன் பழைய பொருள் பிழைத்துக்கொண்டது. 1468–69இல் டேனிய–நார்வே அரசன் தன் மகளின் சீதனப் பணத்துக்கு ஈடாக இந்தத் தீவுகளை ஸ்காட்லாந்து அரசனிடம் அடகு வைத்தான். அந்த அடகு மீட்கப்படவே இல்லை. ஆட்சி மாறியும் பழைய வழக்கங்கள் நீண்டநாள் நின்றன. அதில் ஒன்று ‘ரன்சல்மேன்’ என்ற ஊர்ப் பதவி. ‘ரன்சல்’ என்பது நம் ரன்சாக்காவின் உருமாற்றம்தான். திருட்டுச் சந்தேகம் வந்தால் ரன்சல்மேன் வேளை பார்க்காமல் எந்த வீட்டிலும் நுழையலாம். அங்கே இருக்கும் கம்பளியும் நூலும் காலுறையும் எங்கிருந்து வந்தன என்று கணக்குக் கேட்கலாம். நாளடைவில் புருஷன் பெண்டாட்டி சண்டை, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தவர்கள் என்று அவர் விசாரணை எல்லை விரிந்துகொண்டே போனது. ஊருக்கு ஒரு மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1821இல் வால்டர் ஸ்காட் எழுதிய ‘கடற்கொள்ளையன்’ நாவலில் ஷெட்லாந்து ரன்சல்மேன் ஒருவரைப் பாத்திரமாகவே உலவவிட்டிருக்கிறார். 1890களில் ஃபாரோ தீவு மொழியறிஞர் யாக்கோப் யாக்கோப்சன் ஷெட்லாந்தில் வீடு வீடாகப் போய், அந்தத் தீவுகளில் முன்பு பேசப்பட்டு அழிந்துபோன நார்ன் மொழியின் எச்சங்களைச் சேகரித்தார். அதுவும் ஒருவகை ரன்சல்தான். ஆயிரக்கணக்கான சொற்கள் தேறின.

பக்கத்திலேயே ஸ்காட்டிஷ் கேலிக் மொழிக்கும் இந்தச் சொல் தாவியது. அங்கே ‘ரன்சைக்’ என்றால் துருவிப் பார். ‘ரன்சஹக்’ என்றால் இன்று பல்கலைக்கழக ஆய்வு. ஆங்கிலேயர் கையில் கொள்ளையான சொல், மலைக்கு அந்தப் பக்கம் முனைவர் பட்டம் வாங்கிவிட்டது.

தாயகத்தில் அது எங்கும் போகவில்லை, நீதிமன்றத்திலேயே குடியிருந்தது. சுவீடனில் ‘ரன்சாக்னிங்’ என்றால் வழக்கு விசாரணை. அங்கே 17ஆம் நூற்றாண்டின் சூனியக்காரி வழக்குகளுக்கு நடந்ததும் ரன்சாக்னிங்தான். அதே சமயம் அரசுக்கு இன்னொரு ஆசையும் வந்தது. பழம்பொருள்களைக் காக்க 1666இல் அரசாணை ஒன்று பிறந்தது. ஊர்ப் பாதிரிகள் தங்கள் பங்கில் உள்ள ரூனிக் கல், புதைமேடு, பாழடைந்த கோட்டை எல்லாவற்றையும் விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. வந்து குவிந்த அறிக்கைகளைப் ‘பழம்பொருள் ரன்சாக்னிங்கள்’ என்றே சொல்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு நாடு தன் தொல்லியல் சின்னங்களைக் கணக்கெடுத்த முதல் முயற்சிகளில் ஒன்று இது. அதற்குத் திருட்டுப் பொருளைத் தேடும் சொல்லே பெயரானதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பாதிரிகள் கையில் சொல் அகப்பட்டதும் அது உள்முகமாகவும் திரும்பியது. 139ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில், தமிழ் வேதாகமம் ‘ஆராய்ந்து’ என்று போட்ட இடத்தில், டேனிய, நார்வேஜிய, சுவீடிய, ஐஸ்லாந்து மொழிபெயர்ப்புகள் நான்கிலும் இந்த வினையே நிற்கிறது. இங்கே வீடு என்பது மனிதனின் நெஞ்சு. தேட வருகிறவர் கடவுள் என்பதால் கால்சட்டையைக் கட்டச் சொல்ல முடியாது. சுவீடியத்தில் ‘தன்னை ரன்சாக்கா செய்துகொள்வது’ என்றால் மனச்சாட்சியைத் துருவுவது; பத்திரிகைத் தலையங்கங்கள் அரசியல்வாதிகளுக்கு அடிக்கடி சிபாரிசு செய்வது.

இதற்கிடையில் வேடிக்கையான ஒன்று நடந்துவிட்டது. ‘ரன்’ என்றால் வீடு என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள். மறந்ததும், வீட்டுச் சோதனையைத் தெளிவாகச் சொல்ல ஒரு வீடு தேவைப்பட்டது. சுவீடியச் சட்டம் ‘ஹூஸ்-ரன்சாக்கன்’ என்று எழுதியது. நாம் நடுசென்டர், கேட்டுக்கதவு என்கிறோமே, அந்தக் கதை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வீடு-வீடு-தேடல்’. நார்வேயில் 1814 அரசியல் சட்டம் இலத்தீன் மோகத்தில் ‘வீட்டு இன்க்விசிஷன்கள்’ கூடாது என்று எழுதியிருந்தது. அது இருநூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2014இல் 102ஆம் பிரிவைத் திருத்தியபோது இலத்தீனை எடுத்துவிட்டு ‘ஹூஸ்-ரன்சாகெல்செ’ என்று போட்டார்கள். சாகாக் காலத்துச் சொல், கூடுதலாக ஒரு வீட்டோடு, அரசியல் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் அதே நார்வேயில் மலையில் ஒருவர் தொலைந்துபோனால் வானொலி சொல்வது ‘லேத்தெ’, அதாவது நம் பழைய லெய்த்தா. பனியில் தொலைந்தவரை யாரும் ரன்சாக்கா செய்வதில்லை.

மொழி மாறாத நாடு என்று பெயரெடுத்த ஐஸ்லாந்தில்தான் எல்லாமே இடம் மாறிவிட்டது. அங்கே இன்று வீட்டுச் சோதனைக்கு ‘ஹூஸ்லெய்த்’ என்று பெயர். தோர்பியோர்ன் இன்றைக்கு வந்தால் வாசலில் தவறான சொல்லைச் சொல்லிக்கொண்டு நிற்பான். அரசியல் சட்டத்தின் 71ஆம் பிரிவும் வீட்டில் நுழைந்து தேடுவதை ‘லெய்த்’ என்றுதான் சொல்கிறது. அப்படியானால் ரன்சாக்கா? அதன் பெயர்ச்சொல்லான ‘ரன்சோக்ன்’ அங்கே ஆராய்ச்சி ஆகிவிட்டது. டென்மார்க்கும் நார்வேயும் சுவீடனும் ஆராய்ச்சிக்கு ஜெர்மனியிலிருந்து ‘ஃபோர்ஷென்’ என்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டன. வெளிச்சொல்லைக் கண்டால் முகம் சுளிக்கும் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் சட்டப் புத்தகத்திலிருந்தே ஒன்றை எடுத்தார்கள். நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆராய்ச்சி மணி நீதி கேட்டு அடித்ததுதானே.

1965இல் அவர்கள் தொடங்கிய கடல் ஆய்வு நிறுவனத்தின் பெயரைப் பிரித்தால் ‘கடல்-வீடு-தேடல்-நிறுவனம்’. மீன் எத்தனை இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வது அதன் வேலை. விண்வெளி ஆய்வையும் இப்படியே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துச் சரிந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் பெயரின் முதல் சொல் ‘ரன்சோக்னார்’. இங்கே அது ஆராய்ச்சியா, விசாரணையா, வீடு புகுந்த சோதனையா என்று பிரித்துச் சொல்வது கடினம். வங்கிகளின் கணக்கேடுகளைத் திறந்துவிட வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், மறுக்க முடியாது. 2010 ஏப்ரல் 12 அன்று அறிக்கை வெளியானது: 9 தொகுதிகள், 2,000 பக்கங்களுக்கு மேல். ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் முறை வைத்து அதை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்கள். இரவும் பகலும், நாள்கணக்கில், கடைசிப் பக்கம் வரை. அரங்கின் கதவுகள் திறந்தே இருந்தன. யாரும் வரலாம், உட்கார்ந்து கேட்கலாம், எழுந்து போகலாம்.

அடுத்த இதழில் லெய்த்தா. செப்டம்பரில் ஆடுகளைத் தேடி மலையேறுவோம்.